துணிக்கணக்கு

வயிற்றை மூடுமுன் டாக்டர் ஒச்சப்பன் கேட்பார்:
"கணக்கு சரியா, ஜெசிந்தா?"
சிவந்து ஊறிய துணிகளை ஐந்தைந்தாய் விரித்து
நான் எண்ணிச் சொல்லும்வரை
ஊசி அந்தரத்தில் நிற்கும்.
இருபது என்றால் இருபது.
பத்தொன்பது என்றால்
அறையில் யாரும் தும்மக்கூடாது.

தை பிறந்தால் எங்களுக்கு லீவு கிடையாது.
பாலமேட்டிலிருந்து இரண்டு, அவனியாபுரத்திலிருந்து மூன்று.
மாயழகு மட்டும் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்தே வந்தான்,
ஈரத்துண்டில் தன் குடலைத் தானே ஏந்திக்கொண்டு.
"நல்ல மாடு சார், மாட்டைக் குத்தம் சொல்லாதீக."
மயக்கம் ஏறும்வரை அதையே சொன்னான்.
வாடிவாசல் மண்ணைக் கழுவிக் கழுவி
முழம் முழமாய் உள்ளே வைத்தார் டாக்டர்.

தியேட்டர் மூன்றாம் மாடி.
லிப்ட் என்பது பூட்டிய கம்பிக்கதவு,
உள்ளே ஒரு பழைய வாளி.
செல்லூர்த் தறிக்காரர் மனைவியை
நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஏறினார்கள்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
இறக்கி வைத்துவிட்டார்கள்.
மேலே கையுறையோடு நின்றுகொண்டிருந்தோம்.

பதினேழு கடிதம் எழுதினார்.
பதினேழாவதற்குப் பதில் வந்தது:
தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.
அன்று சாயங்காலமே வேலையை எழுதிக்கொடுத்தார்.

சின்னம் கேட்டது கத்தரிக்கோல்,
கிடைத்தது தையல் மிஷின்.
டெபாசிட் போனது.
அடுத்த முறை ஒரு கட்சியின் கரை வேட்டி.
ஆரப்பாளையம் முழுக்க மாயழகு ஒட்டிய சுவரொட்டி:
எங்கள் குடல் காத்த குலசாமியே!

கீரைத்துறைச் சந்துகளில் ஓட்டுக் கேட்கப் போனால்
அவருக்கு முகம் எதுவும் பிடிபடாது.
சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினால்
வருஷம் சொல்வார், மாதம் சொல்வார்,
"ரெண்டு நாள் காய்ச்சல் இருந்துச்சே" என்பார்.
ஒரு கிழவர் அழுதுவிட்டார்.

ஓட்டு எண்ணியது அவர் படித்த மருத்துவக் கல்லூரியில்.
ஒன்பதாம் சுற்றில் முந்தி
பதினான்காம் சுற்றில் ஜெயித்தார்.

ஒரு ராத்திரி பதினொன்றுக்கு வந்தார்.
கைகுலுக்கிக் குலுக்கி விரல்கள் வீங்கியிருந்தன.
சந்தன மாலையைச் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றிவைத்து
குழாயடியில் நின்று நகக்கண் முதல் முழங்கை வரை
தேய்த்துக் கழுவினார், முழு ஐந்து நிமிடம்.
கை உயர்த்தி, நீர் சொட்ட, அப்படியே நின்றார்.
"கேஸ் ஏதும் இல்லையே சார்."
"தெரியும்" என்றார்.

லிப்ட் வந்தது.
கல்வெட்டில் மந்திரி பெயர் பெரிதாக,
கீழே இவர் பெயர் ஓச்சப்பன் என்று, ஒரு சுழி கூட.
கான்டிராக்ட் மாயழகுக்கு.
பில்லில் எழுதியிருந்த மோட்டார் வேறு,
கயிற்றில் தொங்கிய மோட்டார் வேறு என்று
வார்டுபாய்கள் பேசிக்கொண்டார்கள்.
எட்டாம் மாதம் அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றது.
அன்று உள்ளே இருந்தது நல்லவேளை
சோற்று வண்டி.

அவர் தோற்றதும், நான் ரிட்டையரானதும்
ஒரே வருஷம்.
அண்ணா நகரில் பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரி,
எப்போதாவது ஒரு கேஸ்.
போன புதன்கிழமை ஒரு குடல்வால்,
உள்ளே வெடித்திருந்தது.
மூடுமுன் கேட்டார். எண்ணினேன்.
பத்தொன்பது.

சின்ன டாக்டர் சொன்னான்,
"எக்ஸ்ரேல பாத்துக்கலாம் சார், மூடிருவோம்."
அவர் அசையவில்லை.
குப்பைவாளியைக் கவிழ்த்தோம், மேஜையடியில் தவழ்ந்தோம்,
முப்பத்தைந்து நிமிடம்.
கடைசியில் அவர் செருப்படியில்
மிதிபட்டு, தரை நிறத்தில் ஒட்டியிருந்தது.

தைக்க ஆரம்பித்தார். விரல் லேசாக நடுங்கியது.
நாலாவது தையலில், முகமூடிக்குள்ளிருந்து,
யாருக்கோ சொல்வதுபோல்:
"அந்த லிப்ட்ட... நான் எண்ணிப் பாக்கல, ஜெசிந்தா."

நூலை நறுக்கினேன்.
"இருபது" என்றேன்,
நோட்டில் எழுதவேண்டுமே.